பரியாரி

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் ‘பரியாரியார்’ என்றால் அது மரியாதை. நாகர்கோவில் பக்கத்தில் அதே சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை வரலாம். இங்கே அது நாட்டு வைத்தியர். அங்கே முடிதிருத்தும் சாதியாரைச் சுட்டுவது, பெரும்பாலும் இளக்காரத்தோடு.

மூலம் ஒன்றுதான். பரிகாரம் என்பது வடசொல்வழி வந்தது; விலக்குதல், நீக்குதல் என்று பொருள். நோயை நீக்குபவர் பரிகாரி. பேச்சில் ககரம் தேய்ந்து பரியாரி ஆனார். தமிழ்நாட்டில் இன்று ‘பரிகாரம்’ என்றால் சோதிடர்தான் நினைவுக்கு வருவார்; வியாழனுக்கும் சனிக்கும் செய்வது அது. யாழ்ப்பாணத்துப் பழையவர்கள் வயிற்றுளைவுக்கும் பரிகாரம் செய்தார்கள்.

சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலர் பிரிவுக்குள், பண்டத்தரிப்பை அடுத்து, சில்லாலை இருக்கிறது. கத்தோலிக்க ஊர்; பரியாரிமாருக்கும் பேர்போன ஊர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப்வாஸ் அடிகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது இந்தச் சில்லாலைதான். ஒல்லாந்தர் ஆட்சி, கத்தோலிக்கப் பூசைக்குத் தடை. ஆகவே இரவில், வீடுகளுக்குள், இலத்தீனில் பூசை. அந்தப் பூசையின் நடு மன்றாட்டில் ஒரு புனிதர் வரிசை வரும். அதன் கடைசி இரண்டு பெயர்கள் கோஸ்மாஸ், தமியான். இருவரும் வைத்தியர். சில்லாலையில் அந்த இலத்தீன் எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும் என்பது வேறு கதை. ஆனால் பரியாரிகளின் ஊரில், ஒளித்துச் சொன்ன பூசைகளில், இரண்டு பரியாரிகளின் பெயரும் ஒலித்திருக்கிறது.

மரபு அவர்களை அரபு நாட்டு இரட்டையர் என்கிறது. சிலிசியா நாட்டின் ஏகையா என்ற துறைமுகத்தில் வைத்தியம் பார்த்து, ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்து வேதகலாபனையில் தலை வெட்டுண்டார்களாம். கிரேக்கத் திருச்சபை அவர்களுக்கு இட்ட அடைமொழி ‘அனார்கிரோய்’. வெள்ளிக்காசு தொடாதவர்கள் என்று பொருள். அவர்கள் வைத்தியர்கள் என்பதைவிடக் கூலி வாங்காத வைத்தியர்கள் என்பதே மக்கள் மனதில் நின்றது.

இடைக்கால ஐரோப்பாவில் இந்தப் பக்தி எங்கும் பரவியது. ரோமில் நான்காம் பெலிக்ஸ் பாப்பரசர் (526–530) பழைய மன்றத்துக் கட்டடம் ஒன்றையே அவர்களுக்குக் கோவிலாக்கினார். 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த ‘பொன் சரிதை’ இரண்டு கதைகளைச் சொல்கிறது. ஒன்று ஓவியர்களுக்குப் பிடித்தது: அழுகிய காலை வெட்டி, இறந்த எத்தியோப்பியர் ஒருவரின் காலைப் பொருத்திய அற்புதம். எனக்குப் பிடித்தது மற்றது. பல்லாதியா என்ற பெண் குணமானதும் தமியானுக்குச் சிறு அன்பளிப்பு ஒன்று கொடுக்கிறாள். ஆண்டவர் பேரால் கெஞ்சியதால் அவரும் வாங்கிவிடுகிறார். கோஸ்மாசுக்கு வந்த கோபத்தில், ‘செத்தாலும் என்னை இவனோடு புதைக்கக் கூடாது’ என்கிறார். இருவரும் செத்தபின் ஊரார் திகைத்து நிற்க, ஒட்டகம் ஒன்று வாய் திறந்து, இருவரையும் ஒரே குழியில் வையுங்கள் என்று தீர்ப்புச் சொல்கிறது.

யாழ்ப்பாணத்துப் பழைய முறையும் கிட்டத்தட்டத் தமியானின் முறைதான். பரியாரி விலை சொல்ல மாட்டார். சரக்கை நோயாளி கடையில் வாங்கி வருவார். வெற்றிலையில் வைத்து நீட்டுவதைப் பரியாரி எண்ணிப் பாராமல் எடுத்துக்கொள்வார். இதை வெறும் தருமம் என்று நான் நினைக்கவில்லை. விலை சொல்லாத கடன் ஊரில் எளிதாகத் தீராது; தோட்டத்து முதற்காயும் கலியாண வீட்டு முன்வரிசையும் பரியாரியாருக்கே. ‘ஆர்’ விகுதியும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

அப்படியானால் அக்கரையில், நாகர்கோவில் பக்கத்தில், சொல் ஏன் தாழ்ந்தது? கத்தியால் என்பது என் எண்ணம். அங்கே கட்டியைக் கீறியதும் புண்ணைக் கழுவியதும் முடிதிருத்துவோர். அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகள். தொழில் வைத்தியந்தான், ஆனால் இரத்தமும் மயிரும் தொட்ட கை என்று சாதி அதைக் கீழே தள்ளியது, சொல்லும் கூடவே இறங்கியது. யாழ்ப்பாணப் பரியாரியின் கையில் பெரும்பாலும் ஏடும் குளிகையும். செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசரின் பட்டப்பெயர் தாங்கிய வைத்திய நூல்களின் வழிவந்தவர் அவர்.

ஐரோப்பாவிலும் கத்திக்கு இதே அவமானம் இருந்தது. 1215இன் லாத்தரன் திருச்சபைச் சங்கம், வெட்டவும் சுடவும் வேண்டிய வைத்தியத்தை மேல்நிலைக் குருமாருக்கு விலக்கியது. சவரக்காரரே கீறினார்கள். பாரிசின் அறுவை வைத்தியர்கள் கோஸ்மாஸ் பேரில் ஒரு சபை கூட்டி, நீள அங்கி அணிந்து, தாங்கள் சவரக்காரர் அல்லர் என்று நிலைநாட்டப் பாடுபட்டார்கள். சவரக்காரரும் அதே புனிதரைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே வேதசாட்சியின் பெயர் கத்தி பிடித்தவர்களை மேலே தூக்கியது. அக்கரைப் பரியாரிக்கு அப்படி ஒரு புனிதர் வாய்க்கவில்லை.

வேதசாட்சி என்ற சொல்லும் கவனிக்கத் தக்கது. கிரேக்கத்து ‘மார்த்துஸ்’ நீதிமன்றச் சாட்சிதான். மதத்தை வேதம் என்று வழங்கிய பழைய கத்தோலிக்கத் தமிழ் அதைக் கச்சிதமாகப் பெயர்த்தது. 1544இல் சங்கிலி மன்னன் மன்னாரில் கொல்வித்த கிறிஸ்தவர்களுக்கு இன்றும் அந்தப் பெயரே.

கத்தி யாழ்ப்பாணத்துக்குக் கௌரவத்தோடு வந்தது சண்டிலிப்பாயின் பக்கத்து ஊரான மானிப்பாய் வழியாக. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1867இல் அறுவை மருத்துவ நூலைத் தமிழாக்கி ‘இரண வைத்தியம்’ என்று பேரிட்டார். பெயரிலேயே ‘வைத்தியம்’ வந்துவிட்டதால் கத்தி பிடித்தவரும் வைத்தியரானார். பிறகு அவரே டொக்டர் ஆனார்.

பரியாரி இன்று கல்விக்கூடத்துச் சொல் அல்ல. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984இல் தொடங்கிய சித்த மருத்துவப் பிரிவில் படித்து வருபவரின் பெயர்ப்பலகை ‘சித்த மருத்துவர்’ என்றே சொல்லும். கை முறிந்த பிள்ளையோடு வழி விசாரிப்பவர்கள்தான் ‘முறிவு தெறிவுப் பரியாரியார் வீடு எது?’ என்று கேட்கிறார்கள்.