நியூகாசில் மத்திய ரயில் நிலையமும் உயர்மட்டப் பாலமும்

இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் உள்ள இவ்விரண்டையும் ஒரே கட்டடப் படைப்பாகவே கொள்ள வேண்டும். ராபர்ட் ஸ்டீபன்சனின் இரும்புப் பாலம் 1849இல் திறக்கப்பட்டது: மேல்தளத்தில் ரயில், கீழ்த்தளத்தில் சாலை. ஜான் டாப்சனின் நிலையம் 1850இல் திறக்கப்பட்டது. பாலத்தைக் கடந்த ரயில்கள் கிழக்குப் பக்கமாகவே நிலையத்துக்குள் நுழைந்ததால், ஸ்காட்லாந்து செல்பவை திசை திரும்பியே புறப்பட்டன. 1906இல் மேற்கே ஏழாம் எட்வர்ட் பாலம் அமைந்த பிறகே இத்தொல்லை நீங்கியது. நிலையத்தின் அன்றாட இயக்கத்தையே பாலம் இவ்வாறு வகுத்தது.

ஒன்று பொறியாளரின் இரும்பு, மற்றது கட்டடக் கலைஞரின் செவ்வியல் கல்முகப்பு. இரண்டையும் இணைப்பது மிகையென்று சிலர் மறுக்கலாம். முகப்பை மட்டும் பார்த்தால் அது சரியே. ஆனால் உள்ளே நடைமேடைகளின் வளைவைத் தொடர்ந்து செல்லும் டாப்சனின் மூவளைவுக் கூரையைத் தாங்குவதும் இரும்பு விலாக்களே. நிலையத்தின் உண்மையான அழகு அங்கேதான் இருக்கிறது.