திறன்பேசி வழி இட விளையாட்டுகளும் ஜவ்வாது மலையும்

திறன்பேசியைக் கையில் பிடித்துத் தெருவிலும் பூங்காவிலும் நடந்து ஆடும் ஆட்டங்களை இட விளையாட்டுகள் எனலாம். ஆடுபவர் நிற்கும் இடமே இவற்றில் காய். இது முற்றிலும் புதியது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். கிச்சு கிச்சு தாம்பாளம் ஆடியவர்களுக்கு அப்படித் தோன்றாது. நீளமாகக் குவித்த மணலுக்குள் ஒருவர் சிறு குச்சியை ஒளிப்பார். எதிரில் இருப்பவர் இரு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் இடத்தைப் பொத்த வேண்டும். தோற்றவர் கைகளில் மணலை அள்ளி வைத்து, அதில் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தி, சுற்றிச் சுற்றி அழைத்துப்போய் ஓரிடத்தில் கொட்டச் செய்வார்கள். வேறு வழியாகத் திருப்பி அழைத்து வந்து கண்ணைத் திறந்துவிட்டால், கொட்டிய இடத்தை அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை முறை திரும்பினோம், வெயில் எந்தப் பக்கம் சுட்டது, காலடியில் மேடா பள்ளமா என்ற நினைவுதான் துணை.

அந்த நினைவின் வேலையைச் செயற்கைக்கோள்கள் ஏற்றது 2000ஆம் ஆண்டில். அதுவரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் குறிகைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை இடம் தவறும். அந்த ஆண்டு மே 2ஆம் நாள் அது நீக்கப்பட்டது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். ஜியோகேச்சிங் விளையாட்டு இப்படித்தான் தொடங்கியது. 2001இல் சுவீடனில் வந்த பாட்ஃபைட்டர்ஸ், சாதாரண கைபேசியின் கோபுரக் குறிகையையும் குறுஞ்செய்தியையும் கொண்டே ஆடப்பட்டது.

பெரிய மாற்றம் 2012இல் வந்த இன்கிரெஸ். கூகுளுக்குள் ஜான் ஹாங்கே தலைமையில் இயங்கிய நியான்டிக் குழு இதை உருவாக்கியது. சிலை, கோயில், நூலகம் போன்ற இடங்களைப் படமெடுத்து ஆடுபவர்களே பரிந்துரைக்க, அவை ஆட்டத்தின் மையங்களாயின. 2016 ஜூலையில் வெளிவந்த போக்கிமான் கோ இதே இடப் பட்டியலின்மேல் எழுப்பப்பட்டது. ஆகவே ஆடுபவர்கள் மிகுந்த நகரங்களில் நிறுத்தங்களும் மிகுந்தன. கிராமங்களில் ஒன்றுமில்லை என்ற குறை பல நாடுகளில் எழுந்தது. இந்தியாவில் அவ்வாண்டு டிசம்பரில் ஜியோ நிறுவனத்தின் கூட்டுடன் முறைப்படி வந்தபோது, ரிலையன்ஸ் கடைகளும் நிறுத்தங்களாக்கப்பட்டன. அதற்கு முன்பே, செப்டம்பரில், கோயில்களில் முட்டை கிடைப்பதாகக் காட்டுகிறது என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டிருந்தது. ஆட்டம் வருமுன்னே வழக்கு வந்துவிட்டது!

இனி ஜவ்வாது மலைக்கு வருவோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிய மலை இது. சில ஆண்டுகளுக்கு முன் ஜமுனாமரத்தூரைத் தாண்டிய ஒரு சிற்றூரில், உறவுக்காரப் பையன் இத்தகைய ஆட்டம் ஒன்றைத் திறந்து காட்டினான். திரை முழுவதும் வெறும் பச்சை. அலைவரிசை கிடைப்பதற்கே ஒரு பாறைமேல் ஏற வேண்டியிருந்தது. “இங்க ஒண்ணுமே இல்ல தாத்தா” என்றான். நாங்கள் நின்றதோ ஒரு நடுகல்லுக்கு எதிரே. மலையடிவாரச் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இலேயே நூலாக வெளியிட்டிருக்கிறது. ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் கல், ஆட்டத்தின் கணக்கில் இல்லை.

இந்தக் குறையை மலைப்பிள்ளைகளே தீர்த்துக்கொள்ள வழியுண்டு. கோபுர அலைவரிசை இல்லாவிட்டாலும் திறன்பேசியின் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளின் குறிகையை வாங்க மட்டுமே செய்கிறது. இணையம் தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். அதை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளலாம். முதல் முறை இடம் காட்டச் சற்று நேரமாகும். அடர்ந்த மரநிழலிலும் பள்ளத்தாக்கிலும் துல்லியம் குறையும்.

காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் ஏறத்தாழ வட அட்சம் 12 பாகை 34 கலையில் இருக்கிறது. ஒரு கலை தவறினால் 1.85 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவோம். ஒரு விகலை தவறினால் சுமார் 31 மீட்டர். கரும்பலகையில் பத்து முறை எழுதிப்போட்டும் மாணவர் மனத்தில் நிற்காத இந்தக் கணக்கு, ஒளித்த பொருளைத் தேடி நடக்கும்போது தானாக நிற்கும் என்பது என் எண்ணம்.

ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்லும் நடுகல், சுனை, பழைய சந்தை மேடு ஆகியவற்றின் அட்ச தீர்க்கங்களைப் பிள்ளைகள் குறித்து வந்தால், அதுவே ஓர் ஆட்டத்துக்கான பட்டியல். பெட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது, நிலத்துக்குரியவர் இசைவு வேண்டும் என்பவை ஜியோகேச்சிங்கின் பொது விதிகள். நடுகல்மேல் எதையும் ஒட்டவோ சாய்த்து வைக்கவோ கூடாது. பல ஊர்களில் அது இன்றும் வழிபடப்படும் தெய்வம். மலையின் பெரும்பகுதி காப்புக்காடு என்பதால், ஊர் எல்லையைத் தாண்டும் ஆட்டத்துக்கு முதலில் வனத்துறையின் அனுமதி பெற வேண்டும்.