விரிவுரையாளர் வேலையும் துணைவேந்தர் நாற்காலியும்

கே.ஆர். நாராயணனின் வாழ்க்கை உழவூர்க் குடிசையிலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை என்ற ஒரே கதையாடலாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. 'பாருங்க, திறமை இருந்தா யாரும் மேலே வரலாம்' என்பது அதன் நீதி. இந்த நீதிக்கு அவரது வரலாறு இடம் தருகிறதா?

1936இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதன் பெருமையில் பங்குள்ளவராகச் சொல்லப்படும் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரே, மறுவருடம் தொடங்கிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1943இல் அங்கே ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றார் தலித் மாணவரான நாராயணன். அவருக்கு வர வேண்டிய விரிவுரையாளர் வேலை மறுக்கப்பட்டது. குமாஸ்தா வேலை வேணும்னா தர்றோம் என்றார்கள். அவர் அதை ஏற்கவில்லை, பட்டத்தையும் வாங்கவில்லை என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. கோயிலுக்குள் விட்டாயிற்று, வகுப்பறையில் நின்று பாடம் சொல்ல விடவில்லை. கும்பிடுகிறவனாக ஏற்ற அதிகாரம் வாத்தியாராக ஏற்க மறுத்தது.

பிறகு டாட்டா உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளி. ஹெரால்டு லாஸ்கி நேருவுக்குக் கொடுத்தனுப்பிய கடிதம். 1949இல் வெளியுறவுப் பணி. ரங்கூன், டோக்கியோ, ஹனோய். 15 ஆண்டுகளாக இந்தியத் தூதரே இல்லாதிருந்த சீனாவுக்கு 1976இல் தூதர். 1978இல் ஓய்வு. 1979இல் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அடுத்த ஆண்டே இந்திரா காந்தி அவரை அமெரிக்காவுக்குத் தூதராக அனுப்பிவிட்டார்.

1943இல் மறுக்கப்பட்டது ஒரு விரிவுரையாளர் பதவி. அங்கிருந்து துணைவேந்தர் நாற்காலியை அடைய அவருக்கு 36 ஆண்டுகள் ஆயின, உலகத்தைச் சுற்றி வர வேண்டியிருந்தது. வெளியுறவுப் பணியின் கதவும் போட்டித் தேர்வால் திறக்கவில்லை. லாஸ்கியின் கடிதமும் நேருவின் விருப்பமும் திறந்தவை. அதுக்குப் பேரு திறந்த கதவா?

'தகுதி' என்ற சொல் யார் கையில் எப்படி வேலை செய்கிறது என்பதே இங்கு கேள்வி. முதலிடம் வந்தவனிடம் அது செல்லுபடியாகவில்லை. ஆனால் உச்சநீதிமன்ற நீதிபதி நியமனங்களில் தலித்துகள், பழங்குடியினர், பெண்களையும் கருத வேண்டுமென்று குடியரசுத் தலைவராக அவர் எழுதிய குறிப்பு 1999இல் வெளியே தெரிந்தபோது, அதே சொல்தான் அவருக்கு எதிராக எடுத்து வைக்கப்பட்டது.

ஆகவே விதிவிலக்கை அமைப்புக்கான நற்சான்றாக்கும் வாசிப்பை நாம் மறுக்க வேண்டும். முதலிடம் வராத, லாஸ்கியைச் சந்திக்காத மற்றவர்கள் எந்தக் குமாஸ்தா மேசையில் முடிந்துபோனார்கள் என்பதே எழுதப்படாத வரலாறு.