வேலியைத் தாண்டி வந்த இயந்திரக் கை



ஜொகூரில் பாசிர் கூடாங், செனாய் பக்கம் போனால் தொழிற்சாலைகளைப் பார்க்கலாம். நம் உறவுக்காரர் யாராவது ஒருவர் அங்கே வேலை செய்வார். "ரோபோ வந்தா நம்ம வேலை போயிடுமா?" என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம். அதன் பக்கத்தில் நிற்பவர் பத்திரமாக வீடு திரும்புவாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1. வேலிக் காலம்

1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யுனிமேட்' என்ற இயந்திரக் கை வேலைக்கு வந்தது. சூடான உலோக வார்ப்புகளை எடுப்பது அதன் வேலை. அதற்குக் கண்ணும் கிடையாது, தொடு உணர்வும் கிடையாது. எதிரில் இரும்பு இருந்தாலும் மனிதர் இருந்தாலும் ஒன்றுதான். அதனால் இத்தகைய கைகளைச் சுற்றி வேலி போட்டார்கள்.

2. உயிர்கள் கொடுத்த விலை

1979 ஜனவரி 25-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபோர்டு ஆலையில், பாகங்களை எடுக்க அடுக்கில் ஏறிய 25 வயதுத் தொழிலாளர் இயந்திரக் கை தாக்கி இறந்தார். 1981-இல் ஜப்பானின் அகாஷியில், பழுது பார்க்க வேலியைத் தாண்டிய ஒருவர் இறந்தார். வேலி மட்டும் போதாது என்பது தெளிவானது.

3. உணரும் கை

1981-இல் ஹெவிட், பர்டெஸ் இருவரும் ஒரு கட்டுப்பாட்டு முறையை முன்வைத்தனர். கையின் முடுக்கத்தை அளந்து, வெளியிலிருந்து வரும் விசையைக் கணக்கிட்டு, உடனே ஈடுகட்டுவது அம்முறை. நம் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மூசா மைலா குழுவினர் இதை மேலும் ஆராய்ந்தனர். கை தடுமாறாமல் வேலை செய்வதே இதன் நோக்கம். பாதுகாப்புக்கும் அடிப்படை அதுதான்: தன்மேல் படும் விசையைக் கை அறிய வேண்டும்.

1996-இல் கோல்கேட், பெஷ்கின் என்ற அமெரிக்கப் பேராசிரியர்கள் மனிதரோடு சேர்ந்து இயங்கும் 'கோபாட்'டை உருவாக்கினர். 2008-இல் டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ், 18 கிலோ எடையுள்ள கையை விற்றது. எடை குறைவு, விளிம்புகள் மழுங்கல். மோதினால் மோட்டாரின் மின்னோட்டம் மாறும். அதைக் கண்டு கை நின்றுவிடும். 2016-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15066 ஆவணம், உடலின் 29 இடங்களுக்கு விசை வரம்பு சொன்னது.

ஒன்றை மறந்துடாதீங்க: பாதுகாப்பான கையில் கூரான கத்தியைப் பொருத்தினால் அது பாதுகாப்பானது ஆகாது. கருவி, பொருள், வேகம் எல்லாவற்றையும் சேர்த்தே ஆபத்தைக் கணக்கிட வேண்டும்.

4. சட்டம்

மலேசியாவின் 1994 தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளர் அவ்விடத்தை விட்டு விலகலாம். இந்த உரிமையை வீட்டிலும் சொல்லுங்கள்.

பயிற்சிக் கேள்வி

இயந்திரக் கைப் பாதுகாப்பு, வேலியிலிருந்து வடிவமைப்புக்கு மாறியதற்கான காரணங்களை விளக்குக.

விடைக் குறிப்பு: "தொழிலாளி கவனமா இல்ல" என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். கவனம் தவறுவது மனித இயல்பு. அதையும் கணக்கில் எடுப்பதுதான் நல்ல வடிவமைப்பு. ஆண்டு, நிகழ்வு, விளைவு மூன்றையும் இணைத்து எழுதுங்கள்.