மடக்குக் கத்தியும் மீட்பவர் கையும்



ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் அதன் வரலாற்றைக் கேட்டறிய வேண்டும் என்பது நான் காலங்கடந்து கற்ற பாடம்.

பள்ளியில் சாரணர் படைக்கு நான் பொறுப்பாயிருந்தபோது, பளபளப்பில் மயங்கி ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். முகாமுக்கு அருகில் கழுத்துக் கயிறு இறுகித் தவித்த கன்று ஒன்றை மாணவன் ஒருவன் கண்டான். அக்கத்தியின் முனையை முடிச்சுக்குள் அழுத்தினான்; அலகு சட்டென மடங்கி அவன் சுட்டுவிரலை வெட்டிவிட்டது. கன்று பிழைத்தது, விரலில் தழும்பு நிலைத்தது. கத்தியைத் தேர்ந்தவன் நான் அன்றோ?

மடக்குக் கத்தி மிகப் பழைமையானது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த ஒன்று, ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். உரோமானியரும் அத்தகைய கத்திகளைக் கையாண்டனர். கூர்மையைக் கைப்பிடிக்குள் ஒளித்து, சுமப்பவனைக் காப்பதே மடிப்பின் பயன். ஆயின், விரித்த அலகு வேலையின் நடுவே மடங்கினால் என் செய்வது?

சுவிட்சர்லாந்து தன் போர்வீரர்க்கு 1891-இல் வழங்கிய கத்தி, துப்பாக்கியைப் பிரிக்கவும் தகர டப்பா உணவைத் திறக்கவும் உதவியது. அலகை நிறுத்தியதோ வெறும் வில் ஒன்றே, பூட்டு இல்லை. பிரான்சின் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் 1890-இல் எளிய மரப்பிடிக் கத்தியொன்றைப் படைத்தார். அதற்கு 1955-இல் மார்செல் ஒபினெல் ஒரு சுழலும் உலோக வளையம் பூட்டினார். வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. என் மாணவனின் விரலைக் காத்திருக்கக்கூடிய வளையம், அவன் பிறக்குமுன்னரே தோன்றியிருந்தது, நான்தான் அறியவில்லை.

அடுத்த தேவை ஒற்றைக் கையால் விரித்தல். மீட்புப் பணியாளரின் மறு கை ஏணியைப் பற்றியிருக்கும்; அல்லது காயமுற்றவரின் தலையைத் தாங்கியிருக்கும். 1981-இல் அமெரிக்காவின் கொலராடோவில் சால் கிளெசரின் ஸ்பைடர்கோ நிறுவனம், கட்டைவிரலால் தள்ளி விரிப்பதற்கென அலகில் வட்டத் துளையிட்ட கத்தியை வெளியிட்டது. கையுறை அணிந்த விரலுக்கும் அத்துளை பிடிகொடுத்தது. சுவிஸ் போர்வீரர்க்குரிய 2008-ஆம் ஆண்டு மாதிரியிலும் பூட்டு, துளை, ரம்பப்பல் மூன்றும் இடம்பெற்றன.

ரம்பப்பல் எதற்கு? வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் வகுத்த மும்முனை இருக்கைப் பட்டை எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயினும் நொறுங்கிய வண்டியில் அதன் கொக்கி சிக்கிக்கொள்வதுண்டு. நெருக்கி நெய்த அந்தப் பட்டையில் வழவழப்பான அலகு வழுக்கும். பற்களோ கவ்வி அறுக்கும். காயமுற்றவரின் தோலருகே வேலை செய்வதால் முனை மழுங்கியிருத்தல் நலம். கப்பல் தளத்தில் தடுமாறும் மாலுமிகள் இவ்வுண்மையை உணர்ந்து, முனை மழுங்கிய கத்தியையே நெடுங்காலம் விரும்பினர்.

ஆகவே, நாளை தீயணைப்பிலோ ஆம்புலன்சிலோ பணியேற்கவிருக்கும் இளைஞரே, கடையில் விலையைக் கேட்குமுன் அலகை விரியுங்கள். விரல்களை விலக்கி வைத்துக்கொண்டு, அதன் முதுகை அழுத்திப் பாருங்கள். மடங்கினால், அதை அங்கேயே வைத்துவிடுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அவ்வளவே.