பத்துக் கிலோமீட்டர் தெற்கே: பொம்மையார்பாளையக் கரையில் மணல்மேடுகள் தேய்ந்த வரலாறு

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துப் பொம்மையார்பாளையத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே மழைநீர் அரித்த செம்மண் ஓடைகள்; கிழக்கே கடலோர மணல். இங்கு மணல்மேடுகள் அழிந்ததற்குச் சவுக்குத் தோப்பு, சுற்றுச்சுவர், சொகுசு விடுதி ஆகியவற்றையே பலரும் குறை சொல்கிறார்கள். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதற்காரணம் ஊருக்குச் சுமார் 10 கிலோமீட்டர் தெற்கே, புதுச்சேரித் துறைமுகத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மணல்மேடு நிலைத்த நிலமன்று. அலை கரையில் போட்ட மணல் காய்ந்ததும் காற்று அதைத் தூக்கிச் செல்கிறது. இராவணன் மீசைப் புல்லின் முட்கொத்தில் காற்றின் வேகம் தணிய, மணல் அங்கேயே விழுகிறது. புதையப் புதையப் புல் மேலெழும்; கூடவே மேடும் உயரும். கடலை ஒட்டிய பக்கத்தில் அடப்பங்கொடி கணுதோறும் வேர்விட்டு மணலைப் பிடிக்கும். புயலில் அலை மேட்டை அறுத்துக் கடலுக்குள் இழுக்கும். கடல் அடங்கியதும் அதில் ஒரு பகுதி கரைக்குத் திரும்பும். மணல் வரத்து நிற்காதவரை மேடு பிழைத்துக்கொள்ளும்.

அந்த வரத்து தெற்கிலிருந்து வருவது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திசை மாறும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். சோழமண்டலக் கரைக்கு இது பழைய பாடம். 1876இல் தொடங்கிய சென்னைத் துறைமுகம் தெற்கே மெரினாவை அகலமாக்கி, வடக்கே இராயபுரத்தைக் கடலரிப்புக்குக் கொடுத்தது. நூறாண்டு கழித்து, 1986–89இல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபோது அதுவே மறுபடி நடந்தது. தேங்கும் மணலைக் குழாய் வழியே வடக்கே அனுப்பத் திட்டத்திலேயே ஏற்பாடு இருந்தும், அது தொடர்ந்து நடக்கவில்லை. இந்தக் கரையின் வரலாற்றில் மிகப் பெரிய தவறு இதுதான் என்பேன்.

நகரக் கடற்கரை மறைந்தது, கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது. அப்படியே எல்லை தாண்டிக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என வடக்கே ஏறியது. கரை குறுகும்போது படகு நிறுத்தி வலை உலர்த்தும் இடம் முதலில் போகும். பிறகு மேட்டின் அடி கரையும். மேடு செங்குத்தாக அறுபட்டு, கொடிகளின் வேர் வெளியே தொங்கும்.

1991 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைத் திருத்துவதைத் தடுத்தது. 2011 அறிவிக்கை அவற்றைப் பெயர் சொல்லி, அதிகப் பாதுகாப்புள்ள முதல் வகையில் சேர்த்தது. பொக்லைன் கொண்டு வருபவரைத் தடுக்க இச்சட்டம் போதும். தொலைவில் மறிக்கப்பட்ட மணலை மீட்டுத்தர அதில் வழியில்லை. அதற்குள் 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் கட்டுமானத் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துவிட்டது.

மேட்டின் மதிப்பை 2004 டிசம்பர் 26 காட்டியது. இலங்கையின் யாலவில் கடல் நன்றாகத் தெரியவேண்டுமென்று மேட்டை வெட்டியிருந்த விடுதியை ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. தமிழகத்தில் அதற்குப்பின் கரையெங்கும் சவுக்கு நட்டார்கள். நோக்கம் நல்லது. ஆனால் அலைவிளிம்பு வரை நட்ட சவுக்கின் நிழலிலும் சருகிலும் அடப்பங்கொடி தழைப்பதில்லை; முட்டையிட வரும் பங்குனி ஆமைக்குத் திறந்த மணலும் கிடைப்பதில்லை. மேட்டுத் தாவரங்களுக்குப் பின்னே, நிலப்பக்கமாகச் சவுக்கை நட்டிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

மீனவர்கள் கேட்பது, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு. வீட்டு வாசல்வரை கடல் வந்துவிட்டவர்களின் கோரிக்கையை நியாயமற்றதென்று சொல்ல எனக்கு மனமில்லை. எனினும் ஒவ்வொரு வளைவும் தன் தெற்கே மணலைப் பிடித்து, வடக்கே அடுத்த குப்பத்தின் பங்கைக் குறைக்கிறது. புதுச்சேரித் தலைமைச் செயலகத்தின் முன்னே கடலுக்குள் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆப்பு வடிவத் தடுப்பு அமைத்தபின், கல்லின் முன் மணல் மறுபடி சேர்ந்தது. இடமும் மணலும் கிடைத்தால் கரை மீளும் என்பதற்கு அதுவே சான்று. முகத்துவாரத்து மணலை ஆண்டுதோறும் வடக்கே கடத்துவது புதுச்சேரி அரசின் கையில். மேடுகள் இருப்பது தமிழக எல்லையில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கரைத்திட்டம் வகுக்காமல் பொம்மையார்பாளையத்தில் கொடி நடுவது, வரத்து அடைபட்ட ஏரிக்குக் கரை கட்டுவது போன்றதுதான்.