பாபேலும் ஞால முதன்மொழியும்: பாவாணர் கோட்பாட்டை அறிவியல் புனைகதையோடு ஒப்பிட்டு ஒரு நோக்கு

விருதுநகர் மாவட்டம் இராசபாளையம் வட்டத்தில் முறம்பு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்த சீயோன்மலைப் பள்ளியில் 1919-இல் பதினேழு வயது இளைஞர் ஒருவர் ஆசிரியராகப் பணியேற்றார். பிற்காலத்தில் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் எனப் போற்றப்பெற்றவர் அவரே. அவ்வூரில் இன்று பாவாணர் கோட்டம் அமைந்துள்ளது. சீயோன் என்பது எருசலேமின் குன்றைச் சுட்டும் எபிரேயப் பெயர். தமிழே ஞால முதன்மொழி என நிறுவுவதற்கு வாழ்நாளைச் செலவிட்டவர் ஓர் எபிரேயப் பெயரின் கீழ்த் தம் பணியைத் தொடங்கியது தற்செயலே. ஆனால் அப்பெயர் அங்கு வந்து சேர்ந்தது தற்செயலன்று.

இன்றைய விருதுநகர், சிவகாசி வட்டாரம் அன்று திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியாகும். 1854-இல் தாமஸ் கஜட்டன் ராக்லண்டு என்னும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர், சர்ச் மிஷன் சங்கத்தின் சார்பில், கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்று இப்பகுதியில் சமயப்பணி ஆற்றினார். 1858-இல் சிவகாசியில் மறைந்தார். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் அச்சங்கத்தின் நிலையமாக வளர்ந்தது. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இவ்வட்டாரத்துக்கு வருவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்பே பள்ளிகளும் விவிலியமும் வந்துவிட்டன. அவற்றோடு மொழிகளின் தோற்றம் பற்றிய ஒரு கதையும் வந்தது.

அக்கதை ஆதியாகமத்தின் 11-ஆம் அதிகாரத்தில் உள்ளது. மாந்தர் அனைவரும் ஒரே மொழி பேசினர். வானளாவிய கோபுரம் கட்ட முற்பட்டனர். இறைவன் அவர்தம் மொழியைக் குலைத்து அவர்களைச் சிதறடித்தார். மொழி என்பதற்கு எபிரேய மூலம் ஆளும் சொல் 'சாஃபா'. அதன் நேர்ப்பொருள் உதடு. பாபேல் என்னும் ஊர்ப்பெயரைக் குலைத்தல் எனப் பொருள்படும் 'பாலல்' என்னும் வினையோடு மூலநூல் இணைக்கிறது. அக்காதிய மொழியிலோ அப்பெயர் 'இறைவனின் வாயில்' எனப் பொருள்படும். ஆகவே பாபேல் கதையே ஒரு சொற்பிறப்பியல் முயற்சிதான். அதுவும் ஒலியொப்புமையை மட்டும் நம்பிய முயற்சி.

திருநெல்வேலிச் சீமையில் எபிரேயத்தையும் தமிழையும் ஒப்பிட்டவர்களுள் தலையாயவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் அவர் எபிரேய 'ஆப்', தமிழ் 'அப்பன்' போன்ற இணைகளைத் தொகுத்தார். எனினும் அவற்றைக் கொண்டு இரு மொழிகளையும் ஒரே குடும்பத்தில் அவர் அடக்கவில்லை. அவர் எடுத்துக்காட்டிய சொற்களுள் 'துக்கி' தனித்து நிற்கிறது. சாலொமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களைக் கூறும் பகுதியில் (1 இராஜாக்கள் 10:22) வரும் 'துக்கிய்யீம்' என்பதைத் தமிழ்த் 'தோகை'யோடு அவர் பொருத்தினார். 1968-இல் சென்னையில் நிகழ்ந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின் கருத்தரங்கில் எபிரேய அறிஞர் ஹாயிம் ராபின் வணிகவழிக் கடன்சொற்கள் குறித்து விரிவாக ஆராய்ந்தார். ஐயங்களும் உண்டு. கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பில் அவ்விடத்தில் மயில் இல்லை, கல் உள்ளது. ஆல்பிரைட் அச்சொல்லை எகிப்திய மூலத்துக்குக் கொண்டுசென்று ஒருவகைக் குரங்கு எனப் பொருள் கண்டார். முடிவு எதுவாயினும், மறுக்கத்தக்க வடிவில் முன்வைக்கப்பட்ட கூற்று இது என்பதே கருதத்தக்கது.

பாவாணரின் கூற்று இதனினும் பெரிது. ஒப்பியன் மொழிநூல் (1940), முதற்றாய்மொழி (1953), 1966-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த முதன்மைச் செம்மொழி நூல் ஆகியவற்றில் மாந்தன் பிறந்தகம் குமரிநாடு என்றும், அங்குத் தோன்றிய தமிழே திராவிடத்துக்குத் தாயும் ஆரியத்துக்கு மூலமும் என்றும் அவர் வாதிட்டார். கிறித்தவராகிய அவர் பாபேல் கதையிலிருந்து இக்கோட்பாட்டைப் பெற்றார் எனக் கூறுவதற்கில்லை. அவர் நாடியவை சுட்டொலிகளும் வேர்ச்சொற்களும் கடல்கோள் மரபும் ஆகும். ஒப்புமை கதையமைப்பில்தான் உள்ளது: ஒரு தொன்னிலம், ஒரு மொழி, ஒரு பேரழிவு, ஒரு சிதறல். வேறுபாடு ஒன்றே, அது முதன்மையானது. பாபேலில் எந்த மக்களும் பழைய மொழியைத் தக்கவைக்கவில்லை. பாவாணரிடம் ஓரினம் தக்கவைத்துக்கொண்டது. அழிப்பது இறைவனின் கையன்று, கடல். அங்குத் தண்டனை இல்லை, இழப்பு மட்டுமே உண்டு.

இதே கதையமைப்பை மேலை அறிவியல் புனைகதை வெளிப்படையாகவே எடுத்தாண்டது. சி. எஸ். லூயிஸின் 'அவுட் ஆஃப் தி சைலன்ட் பிளானட்' (1938) நாவலின் தலைவன் ரான்சம் ஒரு மொழிநூலறிஞன். செவ்வாயில் அவன் கற்கும் மொழி கோள்கள் அனைத்துக்கும் பொதுவாக இருந்த முதன்மொழி எனவும், புவி மட்டுமே அதை இழந்தது எனவும் 'பெரலாண்ட்ரா' (1943) விளக்குகிறது. மூன்றாம் நாவலில் (1945) அறிவியலின் பெயரால் அதிகாரம் தேடுவோரின் விருந்தில் பேச்சுக் குலைந்து பாபேல் மீண்டும் நிகழ்கிறது. நீல் ஸ்டீபன்சனின் 'ஸ்நோ கிராஷ்' (1992) கதையைத் தலைகீழாக்குகிறது. அதில் சுமேரியமே தொன்மொழி. ஒரே மொழி மாந்தரை எளிதில் ஆட்டிப்படைக்க இடந்தருவதால் பாபேலின் சிதறல் விடுதலையாகிறது. லூயிஸுக்குத் தீர்ப்பு, ஸ்டீபன்சனுக்கு விடுதலை, பாவாணருக்கு இழப்பு.

இவ்வொப்பீடு பாவாணரை இகழ்வதற்காக அன்று. அவர் சான்றாகக் கொண்ட இலெமூரியாக் கண்டம் ஒருகாலத்தில் அறிவியற் கருதுகோளாகவே இருந்தது. இலெமூர் விலங்குகளின் பரவலை விளக்க 1864-இல் ஸ்கிளேட்டர் அதை முன்மொழிந்தார். ஹெக்கல் அதை மாந்தன் பிறந்தகமாக்கினார். பாவாணரின் ஆங்கில நூல் வெளிவந்த அதே பத்தாண்டில்தான் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்று, மூழ்கிய கண்டத்துக்கான தேவையை நீக்கியது. லூயிஸ் தம் செவ்வாயைப் புனைவெனச் சொல்லியே தந்தார். பாவாணர் நூலோ அறிவியலின் துணையோடு எழுதப்பட்டு, அத்துணை விலகியபின் தனித்து நின்றது. அவர்தம் நிலவியலைப் பழிக்கும் திறனாய்வாளரும், அதை இன்றும் மெய்யெனக் காக்கும் அன்பரும் இக்கால முறைமையைக் கருதுவதில்லை.

இதனால் இழப்புறுவது அவர்தம் சொல்லாய்வே. தோற்றக்கதையை ஏற்போர் வேர்விளக்கங்கள் அனைத்தையும் ஒருசேர ஏற்கின்றனர். மறுப்போர் அனைத்தையும் ஒருசேரத் தள்ளுகின்றனர். தமிழ்ச் சொற்களுக்கிடையே அவர் காட்டும் உறவுகளைத் தமிழ் வழக்காலும் பிற திராவிட மொழிகளின் இனச்சொற்களாலும் ஆராய இயலும். அதற்குக் குமரிநாடு தேவையில்லை. எபிரேயத்துக்கோ இலத்தீனுக்கோ தமிழ் மூலம் கூறும் இடங்களில் மட்டுமே தோற்றக்கதை சான்றின் இடத்தைப் பிடிக்கிறது. அங்குக் கேட்க வேண்டியவை 'துக்கி'யிடம் கேட்கப்பட்ட வினாக்களே: எந்த நூலில், எக்காலத்தில், எவ்வழியாக? 1974-இல் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் தொகுதிகளில் இருவகை விளக்கங்களும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பதிவு பதிவாகப் பிரித்தறிவது ஆய்வாளர்முன் உள்ள பணி.